நான்காவது டேக்

பிரிஸ்டலிலிருந்து வந்த பையன்
ஒலிநாடாவை அடுப்பில் வைத்துச் சுட்டதாகச் சொன்னான்.
சிரித்துவிட்டேன். ரொட்டியா அது?
இல்லை ஐயா, நாற்பத்தெட்டு வருட ஈரம்.
மிதமான சூட்டில் எட்டு மணி நேரம் வைத்தால்
ஒட்டிக்கிடக்கும் பாட்டு பிரிந்து வரும் என்கிறான்.
பெட்டிக்குள் இரண்டு பல்லி முட்டை இருந்ததாம்.
அந்த ஓடுகளையும் ஒரு கவரில் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறான்.
இப்படிப்பட்டவனை நம்பலாம்.

லிக்னம்ஸ் என்றால் மூன்று பேர்.
லாசெல்ஸ் முன்குரல். யூரியல் அடியில்.
மேலே, தகரக் கூரையில் மழை நடப்பதுபோல, நான்.
அட்டையின் பின்னால் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.
ஒசாகா மேடையில் அப்படித்தான் சொன்னேன்,
டோமினோ மேசையில்,
என் இரண்டு கல்யாணத்திலும்.

சர்க்கரை நோய் லாசெல்ஸின் ஒரு காலை எடுத்தது,
அப்புறம் இன்னொன்றை, அப்புறம் மிச்சத்தை.
யூரியலை மே பென் சாலையில் ஒரு கரும்பு லாரி.
உப்புக்குளம் பாட்டுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு டாலர் கிடைத்தது.
எனக்கு மட்டும் கூடவே ஒரு ஜோடி ஷூ,
ஒரு சைஸ் சின்னது.

காதில் மாட்டிவிட்டான்.
முதலில் வெறும் சீறல்.
யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.
யூரியல் இருமுகிறான்.
தட்டிக்கொடுக்க என் கை தானாகப் பக்கத்தில் போய்
காற்றில் நின்றது.

எங்கள் தாளத்தில் முதல் தட்டு காலி.
ஊரெல்லாம் இறங்கும் இடத்தில் நாங்கள் இறங்கமாட்டோம்.
சாக்கடையைத் தாண்டும் ஆடு மாதிரி
தாவித்தான் போகும் பாட்டு.
நாம் கால் வைக்காத இடத்தில்தான்
கேட்கிறவன் கால் வைப்பான் என்பான் லாசெல்ஸ்.
இதோ, எடுக்கிறான். யூரியல் சேர்கிறான்.
மேலே அந்தக் குரல்.

நான்தான், என்றேன்.
பையன் எழுதிக்கொண்டான்.

மூன்றாவது டேக்கில் நடுவரியில்
அந்தக் குரல் சிரித்துவிடுகிறது.
மூக்கில் தொடங்கி வயிற்றில் முடிகிற சிரிப்பு.
எனக்கு அப்படிச் சிரிக்க வராது.
ஸ்டூடியோ வாசலில் மீன் பொரித்து விற்றாளே,
ஐசில்டா,
அவளுக்குத்தான் வரும்.

நான்காவது, தீவு முழுக்க ஓடியது.
பிசிறில்லாமல் முடிகிறது. யாரோ கைதட்டுகிறார்கள்.
மெஷினை நிறுத்த மறந்திருக்கிறார்கள்.
பதினோரு நொடி ஒன்றுமில்லை.
அப்புறம் தூரத்தில் ஒரு ஹோண்டா.
சைலன்சரில் ஓட்டை.
வாசலில் வந்து விக்கி நிற்கிறது. கதவு.
இருபத்தாறு வயதுக்காரன் ஒருவன் மூச்சிரைக்கக் கேட்கிறான்:
என்ன, ஆரம்பிக்கலாமா?

யாரும் பதில் சொல்லவில்லை.
நாடா அங்கே அறுந்திருக்கிறது.

அன்று நானும் பாடினேன், பொய்யில்லை.
ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது.
எது வட்டில் ஏறியது என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஆனால் மேடையில் ஒருநாளும்
அந்தக் கடைசி உயரத்துக்கு நான் போனதில்லை.
தொண்டை சரியில்லை என்பேன்.
நாற்பது வருடம் ஒருவனுக்குத் தொண்டை சரியில்லை.

பையன் மெதுவாகச் சொன்னான்,
முடிவில் வண்டி இரைச்சல் வருகிறது,
வெட்டிவிடுகிறேன்.
வெட்டாதே, என்றேன்.
அந்தப் பாட்டில் நான் இருப்பது
அங்கே மட்டும்தான்.

பேனாவை மூடாமல் என்னையே பார்த்தான்.
அப்புறம் ஏற்கெனவே எழுதியதை அடித்தான்.
பெயர்?
ஐசில்டா.
குடும்பப் பெயர்?
எத்தனை முறை கடனுக்கு மீன் வாங்கியிருக்கிறேன்.
அவள் நோட்டில் என் முழுப் பெயர் இருந்தது.

இடம் விட்டுவை, என்றேன்.
ரே டவுன் கரையில் பழைய ஆட்கள் சிலர் இருக்கிறார்கள்,
வலை உலர்த்துகிறவர்கள், யாருக்காவது தெரிந்திருக்கும்.
படகு வருவது ஐந்து மணிக்கு.
நாலரைக்கே போய் நிற்கப்போகிறேன்.